வடிந்த வயலுக்கு நீர்

மரவள்ளிக்கு நீர் வேண்டும்; ஆனால் அதன் காலடியில் நீர் நிற்றல் ஆகாது. கல்வராயன் மலையடிவாரத்துக் குடியானவர்கள் இதை ஏட்டில் படித்து அறிந்தவர்கள் அல்லர். ஒரு வாரம் தண்ணீர் தேங்கினால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே கரைந்து, தோல் மட்டும் பைபோல எஞ்சும். மேலே செடி ஒன்றும் அறியாததுபோல் பச்சையாக நிற்கும். ஆகையால் மழை விட்ட மறுநாள் கொளஞ்சியப்பன் மண்வெட்டியோடு கிழங்குக் கொல்லைக்குப் போய்ப் பாத்திக்குப் பாத்தி வடிகால் கீறுவார். அவர் மனைவி அம்சவள்ளி தாழ்ந்த கோடியில் நின்று பார்ப்பாள். நீர் முதலில் செம்மண் குழம்பாக வரும், பிறகு தெளியும், பிறகு நூலாகும், பிறகு நின்றுவிடும். "வடிஞ்சிடுச்சிங்க" என்று அவள் குரல் கொடுத்தால் அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொள்வார். அன்றைய வேலை அத்துடன் முடியும்.

அந்த ஆண்டு ஐப்பசி மழைக்கு வடிகால் கீற அவர் இல்லை. சங்கராபுரம் கடைத்தெருவில் உரமூட்டை வாங்கப் போனவர், வயிற்றின் மேற்பகுதியில் எழுந்த வலி கடப்பாரைபோல முதுகு வரை ஊடுருவ, மூட்டையின் மேலேயே சரிந்தார். கள்ளக்குறிச்சிக்கும் அங்கிருந்து புதுச்சேரிக்கும் கொண்டுபோனார்கள். கணையம் வீங்கிவிட்டது என்ற செய்தி ஊருக்கு வந்ததும், ஊர் அதற்கு ஒரே பொருள் கொண்டது.

"கணையம்னா குடிதான். ஆளு வெளிய தெரியாம ஊத்திக்கினு இருந்திருக்கான்" என்றார்கள் டீக்கடையில்.

அம்சவள்ளியின் கொல்லையில் களையெடுக்கும் தைலம்மாள் அதைக் கேட்டுக்கொண்டே போனவள், நின்று திரும்பினாள். "அந்த மனுசன் மோரு குடிச்சாலே ஒரு நாழி தூங்குவாரு. நீங்க டெய்லி குடிச்சிட்டு எங்களத் தூங்கவுடாம பண்றீங்க. ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலியே" என்றாள். அதன்பின் டீக்கடையில் அப்பேச்சு குறைந்தது.

புதுச்சேரியின் பெரிய மருத்துவமனையில், நான்காவது வாரம் காய்ச்சல் ஏறி இறங்காமல் நின்றபோது, டாக்டர் ரம்யா அம்சவள்ளியை வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. பேச்சு பண்ருட்டிப் பக்கத்துப் பேச்சு.

"பித்தப்பையில இருந்து ஒரு பொடிக்கல்லு நழுவி, கணையத்தோட வாய்க்கால அடைச்சிருக்கும்மா. அதுல ஒரு பங்கு செத்துப்போச்சி. செத்த எடத்துல இப்ப சீழ் வச்சிருக்கு."

"அறுத்து எடுத்துடுவீங்களாங்க?"

"அப்பிடித்தான் முன்னெல்லாம் பண்ணுவாங்க. வயித்தத் தொறந்து மொத்தமா வாரி எடுப்பாங்க. நெறைய பேரு தாங்கல. நீங்க இன்னா பயிர் வைக்கிறீங்க?"

"குச்சிக் கிழங்குங்க, மரவள்ளி."

"சேத்துல அழுகிப்போன கிழங்கப் புடுங்கினா எப்பிடி வரும்?"

அம்சவள்ளி சற்று யோசித்தாள். "நாரு நாராப் பிஞ்சிடுங்க. பக்கத்துல இருக்கிற நல்ல கிழங்கையும் இஸ்துக்கினு வரும்."

"அதேதான். மொதல்ல தண்ணிய வடிக்கணும். விலாவுல ஒரு சின்ன ஓட்டை போட்டு, ஸ்கேன்ல பாத்துக்கினே ஒரு ட்யூப் எறக்குறோம். பாதிப் பேருக்கு அதுலயே தேறிடும். தேறலன்னா அதே வழியாப் பெரிய ட்யூபு. அதுக்கும் மேல வேணும்னா அதே வழியா கேமரா வுட்டு, செத்ததக் கொஞ்சம் கொஞ்சமா எடுப்போம். வயித்தத் தொறக்கிறது கடைசி."

மருத்துவர்கள் சொல்லும் எதையும் அவள் அதுவரை முழுதாக விளங்கிக்கொண்டதில்லை. இதை விளங்கிக்கொண்டாள். விளங்கிக்கொண்ட பெருமிதமும் ஆறுதலும் அவளைப் பிற்பாடு ஒரு பிழைக்கு இட்டுச்செல்லும் என்பதை அன்று அவரும் அறியார், அவளும் அறியாள்.

குழாய் இறங்கிய முதல் நாளில் சாம்பல் நிறத்தில் நானூறு மில்லி வடிந்தது. காய்ச்சல் இறங்கியது. மார்கழி பிறந்தபோது, குழாயும் பையுமாக அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். விதிகள் எளியவை. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவேண்டும். மூன்று வேளையும் ஊசியில்லாத சிரிஞ்சால் இருபது மில்லி உப்புநீரைக் குழாய்க்குள் செலுத்தவேண்டும். வடிந்ததை அளந்து எழுதவேண்டும். எழுதுகிற பொறுப்பை மகள் அபிநயா ஏற்றாள். பன்னிரண்டாம் வகுப்புக்காரி, கொரோனாவால் பள்ளி பல மாதங்களாகக் கைப்பேசிக்குள் நடந்துகொண்டிருந்தது.

அம்மார்கழியில் மலை பெரும்பாலும் காணப்படவில்லை. காலை பத்து மணி வரை பனி கொல்லையின் மேல் கிடந்தது. சன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த கொளஞ்சியப்பனுக்கு விழிப்புக்கும் உறக்கத்துக்கும் நடுவே வேலி இல்லாமல் போயிற்று. வெள்ளிமலைச் சந்தைக்குப் போய்ப் புளி வாங்கி வந்ததாகச் சொல்லுவார். கடுக்காய் மரத்தடியில் யாரோ தமக்குக் களி கிண்டிப் போட்டதாகச் சொல்லுவார்.

"கருவாட்டுக் கொழம்பு ஊத்தினாங்களா?" என்பாள் அம்சவள்ளி, கஞ்சியை ஆற்றிக்கொண்டே.

"ஊத்தினாங்க. கையில எடுத்தேன். வாயிக்கிட்ட கொண்டாந்தேன். நீ எழுப்பிட்ட."

"எண்ணெ ஆவாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. கெனாவுல கூட தின்னக் கூடாது."

அம்சவள்ளியின் தம்பி தீனதயாளன் மாலைதோறும் வருவான். அவ்வாண்டு அவர்கள் சமூகத்துக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. ஊருக்கு ஊர் மனு எழுதினார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்தார்கள். பிறகு ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்தார்கள். அவன் சட்டைப்பையில் எந்நேரமும் கையெழுத்துத் தாள்கள் மடிந்திருக்கும்.

"மாமா, நம்ம அபிக்கோசரந்தான் இவ்ளோ அலையறேன். நாளைக்கு நர்சிங் சீட்டு கெடச்சா ஒங்க ட்யூப அவளே மாத்துவா."

"அதுவரைக்கும் ட்யூபோடவே இருக்கச் சொல்றியாடா?" என்றார் கொளஞ்சியப்பன்.

மனு என்பது அவ்வீட்டுக்குப் புதிதன்று. அப்பக்கத்தார் தீராத வழக்குகளை மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராதாகக் கட்டுவார்கள். தாளில் குறையை எழுதி, ஊர்த் தொலைவுக்கு ஏற்பக் கட்டணம் செலுத்தி, சாமி முன் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட வேண்டும். வழக்கு முடிந்ததும் மறவாமல் போய், பிராதை விலக்கிக்கொள்வதாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முடிந்த வழக்கின் மேல் சாமியை நிறுத்திவைத்தல் குற்றம். கார்த்திகை மாதத்திலேயே அம்சவள்ளி பிராது கட்டியிருந்தாள். அதை எழுதிய நாளில் வீட்டில் ஒரு விவாதமே நடந்தது.

"யாரு மேல எழுதறதும்மா?" என்றாள் அபிநயா.

"வரப்புத் தகராறு பண்ணானே மேலக்கொல்லக்காரன், அவன் பேரப் போடு. அவன் வாயில வுழுந்துதான் இப்பிடி" என்றான் தீனதயாளன்.

"அவன் பாவம், ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கியாந்தான். சீழு மேல எழுது" என்றாள் அம்சவள்ளி.

"சீழுக்கு வெலாசம் இன்னா எழுதறது?"

"ஒங்கப்பா வவுறு, எடது பக்கம். எழுது."

அவ்வாறே எழுதப்பட்டது.

நோட்டுப்புத்தகத்தில் எண்கள் இறங்கிவந்தன. அறுபது, நாற்பது, பதினைந்து. பொங்கலன்று எட்டு. அன்று மாட்டுக்குக் கொம்பு சீவ முடியவில்லையே என்று அவர் வருந்தியது தவிர வேறு குறையில்லை. தை இரண்டாவது வாரத்தில் ஒரு காலைப்பொழுது, அபிநயா பைக்கு முன்னால் குந்திப் பார்த்தாள்.

"எம்மா, ஒண்ணுமே இல்ல. சைபர்னு எழுதட்டா?"

அம்சவள்ளி சிரிஞ்சில் உப்புநீரை ஏற்றிக்கொண்டு வந்தவள், அப்படியே நின்றாள். பை உலர்ந்திருந்தது. கட்டிலில் கணவர் கண்மூடிக் கிடந்தார். மூச்சு சீராக வந்தது. சன்னலுக்கு வெளியே பனி விலகி, பல நாட்களுக்குப் பின் மலை முழுவதும் நீலமாகத் தெரிந்தது.

"வடிஞ்சிடுச்சி" என்றாள் தாழ்ந்த குரலில்.

"தண்ணி ஏத்தலியா?"

"எதுக்குடி? ஊறிக்கினு இருந்தப்ப ஏத்தினோம். வடிஞ்ச கொல்லைக்கு எவனாச்சும் தண்ணி கட்டுவானா?"

"டாக்டர் மூணு வேளையும்னாங்களே."

"செவ்வாக்கெழம காட்டப் போறோம் இல்ல. அவங்ககிட்டயே சொல்லிக்கலாம். வெறும் வவுத்துல எதுக்கு மறுபடியும் சேறு பண்ணிக்கினு?"

அன்று மாலையும் ஏற்றவில்லை, மறுநாளும் ஏற்றவில்லை. எண்கள் சைபராகவே நின்றன. மூன்றாம் நாள் அவள் விடிகாலையில் குளித்து, பேருந்து மாறி மாறி மணவாளநல்லூர் சென்று, ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். திரும்பும் வழியெங்கும் அவளுக்கு உறக்கம் வந்தது. மூன்று மாதமாக வராத உறக்கம். சன்னல் கம்பியில் தலை மோதியதுகூட இதமாகவே இருந்தது. கையில் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. வெளியே கரும்பு வயல்கள் வெண்பூத் தலைகளோடு பின்னோக்கி மிதந்தன.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கொளஞ்சியப்பன் நடுங்கத் தொடங்கினார். கம்பளிக்கு மேல் கம்பளி போட்டும் கட்டிலின் கால்கள் தரையில் தட்டின. உடம்பு அனலாகக் கொதித்தது.

"மலையில மழ பேயிது. எல்லாத்தையும் உள்ள எடுத்துப் போடு" என்றார், எவரையோ பார்த்து.

அம்சவள்ளி சிரிஞ்சை எடுத்துக் குழாயில் பொருத்தி அழுத்தினாள். நீர் உள்ளே போகவில்லை. கட்டைவிரல் வெளுக்கும்வரை மெல்ல அழுத்தினாள். கல்லை அழுத்துவதுபோல் இருந்தது. அந்த இடத்திலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. வடியவில்லை. அடைத்திருக்கிறது. உள்ளே நிரம்பி நின்றுகொண்டிருக்கிறது.

வண்டிக்கு ஆள் ஓடியது. ஊரில் ஒரு வேனும் இல்லை. அன்று சங்கராபுரம் முக்கூட்டில் சாலை மறியல். எல்லா வண்டிகளும் ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே போய்விட்டன. ஆம்புலன்சுக்குப் போன் செய்தால், மறியலுக்கு அப்பால் வண்டி வரிசைக்குப் பின்னால் நிற்கிறது, சுற்றிவர ஒன்றரை மணியாகும் என்றார்கள். தெருவில் நின்று கைபிசைந்த அபிநயாவிடம், வேலைக்கு வந்த தைலம்மாள்தான் கேட்டாள்:

"எங்கூட்டுக்காரரு கிழங்கு லோடு ஏத்திக்கினு கெளம்பிக்கினு இருக்காரு. குட்டியானை வண்டி. அதுல வருவாராம்மா ஒங்கப்பா?"

அவள் கணவர் வேடியப்பன் வண்டியிலிருந்த கிழங்கைக் கொல்லையோரம் கொட்டிவிட்டு, வைக்கோல் பரப்பிக்கொண்டு வந்து நின்றார். நால்வர் சேர்ந்து கட்டில் மெத்தையோடு தூக்கி ஏற்றினார்கள். அபிநயா முன்னிருக்கையில் அமர்ந்தாள். அம்சவள்ளி தலைமாட்டிலும், தைலம்மாள் கால்மாட்டில் பையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டும் அமர்ந்தார்கள். வண்டித் தரையெங்கும் ஈரமண் வாசனை. கொளஞ்சியப்பன் கண்களைத் திறந்து மேலே ஓடும் புளியமரங்களைப் பார்த்தார்.

"இன்னிக்கு எத்தினி மூட்டை?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணுதாண்ணே, நல்ல வெயிட்டு" என்றார் வேடியப்பன், முன்னாலிருந்து.

முக்கூட்டில் சாலை முழுவதும் மனிதர்கள். பனிப்புகையில் கொடிகள் நனைந்து தொங்கின. ஒலிபெருக்கி ஏதோ சொல்ல, கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லியது. கொளஞ்சியப்பனுக்கு அது திருவிழாவாகத் தோன்றியிருக்க வேண்டும், உதடுகள் அசைந்தன. ஓர் இளைஞன் கையை நீட்டி வண்டியை மறித்தான்.

"ஆம்புலன்சு மட்டுந்தாங்க போலாம்."

"இதுவும் ஆம்புலன்சுதான் தம்பி. மேல லைட்டு மட்டும் இல்ல" என்றார் வேடியப்பன்.

"வெளையாடாதீங்க. லோடு வண்டியெல்லாம் ஓரம் கட்டுங்க."

அம்சவள்ளி பின்பக்கத் தடுப்பைப் பிடித்து எழுந்து நின்றாள். ஒலிபெருக்கிக்குப் பின்னால் தன் தம்பி நிற்பதைக் கண்டாள். "தீனா" என்று ஒரே ஒருமுறை அழைத்தாள். கொல்லையின் கோடியிலிருந்து குரல் கொடுத்துப் பழகிய தொண்டை. அவன் ஒலிவாங்கியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தான். வைக்கோலில் கிடந்தவரைப் பார்த்தான்.

"இன்னாக்கா இது? நேத்துதான ராஜினாமா குடுத்துட்டு வந்த?"

"மொதல்ல வழிய வுடச் சொல்லுடா."

அவன் வண்டிக்கு முன்னால் நடந்தான். கத்தவில்லை, இரு கைகளையும் முன்னால் நீட்டி, விளைந்த பயிரை விலக்குவதுபோல ஆட்களை விலக்கிக்கொண்டே போனான். முன்வரிசை எழுந்தது, அதற்குப் பின்வரிசை எழுந்தது. முழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிற்று. ஒரு பெரியவர் எட்டி வைக்கோலைப் பார்த்து, மேல்துண்டை எடுத்து நோயாளியின் முகத்தில் பனி படாமல் போட்டார். கூட்டத்தின் மறுகரையில் தீனதயாளன் வண்டியில் தாவி ஏறினான். வண்டி வரிசைக்குப் பின்னால் நின்ற ஆம்புலன்சு அங்கேதான் இருந்தது. அவர்களை மாற்றி ஏற்றிக்கொண்டு திருக்கோவிலூர் வழியாகப் புறப்பட்டது. தைலம்மாள் பையை அபிநயாவின் கையில் கொடுத்தாள்.

"தாழ்த்தியே புடி கண்ணு. மேல தூக்கிடாத" என்றாள்.

புதுச்சேரியில் டாக்டர் ரம்யா குழாயைக் கழற்றிப் பார்த்தார். கறுத்த சதைத்துணுக்கு ஒன்று தக்கையைப்போல அதன் வாயில் செருகியிருந்தது.

"மூணு வேளையும் தண்ணி ஏத்தினீங்களா?"

அபிநயா தாயைப் பார்த்தாள். அம்சவள்ளி மறைக்கவில்லை.

"இல்லீங்க. மூணு நாளா ஏத்தல. சைபர் வந்திச்சி. வடிஞ்சிடுச்சின்னு நிறுத்திட்டேன்."

மருத்துவர் கடிந்துகொள்ள வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சைபர்னா ரெண்டு அர்த்தம்மா. காஞ்சிபோச்சின்னும் இருக்கலாம், அடைச்சிக்கிச்சின்னும் இருக்கலாம். எங்களுக்கே ஸ்கேன் பாக்காமத் தெரியாது. நீங்க ஏத்தற தண்ணி வயித்துக்கில்ல, ட்யூபுக்கு."

அன்றே அதே வழியில் பெரிய குழாய் இறக்கினார்கள். காய்ச்சல் பாதி இறங்கி அங்கேயே நின்றது. ஐந்து நாள் பார்த்துவிட்டு, அந்தக் குழாய் சென்ற தடத்திலேயே விரல்தடிமனான கேமராவைச் செலுத்தி, செத்த சதையைச் சிறு இடுக்கியால் கிள்ளிக் கிள்ளி எடுத்தார்கள். ஒரு முறையன்று, மூன்று முறை. வயிறு திறக்கப்படவில்லை. முதல்முறை முடிந்ததும் கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். உள்ளே கறுப்பும் சாம்பலுமாக, நார் நாராக, ஊறிய கிழங்குத் தோல்போல எதுவோ கிடந்தது. அம்சவள்ளி முகம் சுளிக்காமல் நெடுநேரம் அதைப் பார்த்தாள்.

வராந்தாவில் தீனதயாளன் காத்திருந்தான்.

"அக்கா, நான் போயி மறுபடியும் ஒரு பிராது கட்டிட்டு வந்துடறேன். கேசு முடிஞ்சிபோச்சின்னு சாமி அந்தண்ட திரும்பிக்கினு இருக்கும்."

"வாணாம்டா."

"ஏங்கா?"

"சாமி ஒண்ணும் தீர்ப்பு சொல்லலியே. நாமளாத் தீந்துபோச்சின்னு எழுதிக் குடுத்துட்டோம். இப்பப் போயி இன்னா மூஞ்சிய வச்சிக்கினு கேக்கறது? மொதல்ல அவரு கண்ணத் தொறந்து என்னப் பாக்கட்டும்."

மூன்றாம் முறை முடிந்த இரண்டாம் நாள் காய்ச்சல் முற்றிலும் விட்டது. பிற்பகல், வார்டின் விசிறிகள் மெல்லச் சுழன்றன. கொளஞ்சியப்பன் விழித்திருந்தார். இம்முறை அவ்விழிப்பில் கனவின் கலப்பு இல்லை என்பது அவர் கண்களிலேயே தெரிந்தது. பசிக்கிறது என்றார். அம்சவள்ளி அவருக்கு இளநீரைக் கரண்டியால் புகட்டினாள். அரை இளநீர் இறங்கியபின், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லணும். தண்ணி ஏத்தறத நான்தான் நிறுத்தினேன். அதனாலதான் திரும்ப வந்திச்சி. நீங்க தூங்கிக்கினு இருந்தீங்க."

அவர் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்கல" என்றார்.

"இன்னாது?"

"கண்ணத்தான் மூடியிருந்தேன். நீயும் அபியும் பேசினது கேட்டுக்கினுதான் இருந்தேன். வடிஞ்ச கொல்லைக்கு எவனாச்சும் தண்ணி கட்டுவானான்னு கேட்ட இல்ல, எனக்கும் அது சரின்னுதான் பட்டிச்சி. சும்மா இருந்துட்டேன்."

இத்தனை நாளும் அவள் தனியாகச் சுமந்துவந்த சுமையின் மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லியிருக்கலாம் இல்ல? ரெண்டு பேருமா சேந்து முட்டாளாயிருக்கலாம்" என்றாள்.

"இப்பதான் ஆயிட்டமே."

நர்ஸ் வந்து, உப்புநீர் ஏற்றிய சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அம்சவள்ளி அதை எடுத்தாள். கொளஞ்சியப்பன் கையை நீட்டினார்.

"குடு. எம் வவுறு, நான் பாத்துக்கறேன்."

அவள் குழாயைப் பிடித்துக்கொள்ள, அவர் சிரிஞ்சைப் பொருத்தி, மெதுவாக, மிக மெதுவாக அழுத்தினார். நீர் தடையின்றி உள்ளே போயிற்று. இருவரும் தலையைச் சாய்த்துக் கீழே தொங்கிய பையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். சற்று நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு குழாயின் கண்ணாடி உடம்பில் கலங்கலாக ஒரு கோடு இறங்கியது. அதன் பின்னால், மிளகளவு கறுத்த துணுக்கு ஒன்று, தயங்கித் தயங்கி வந்து பைக்குள் விழுந்தது.

"வருது" என்றாள் அம்சவள்ளி.

"வரட்டும்" என்றார் அவர்.